லைப்ரரி இலவசம், மூலநிரலுக்குக் காசு: டாஸ் காலத்து ஷேர்வேர் தொகுப்புகள்

டாஸ் இயங்குதளத்தில் பேசிக் மொழியில் நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் 1988இல் வெளியிட்ட குவிக்பேசிக் 4.5 அந்தக் காலத்துக்கு அருமையான கருவி. எடிட்டர், டீபக்கர், கம்பைலர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. வரி எண் போட வேண்டியதில்லை. எஃப்5 தட்டினால் நிரல் உடனே ஓடும். ஆனால் ஓர் அடைவில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று கேட்டு, அந்தப் பெயர்களை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள அதில் நேரடியான கட்டளை கிடையாது. ஃபைல்ஸ் என்று ஒன்று உண்டு. அது பட்டியலைத் திரையில் எழுதிவிட்டுப் போய்விடும். திரையில் எழுதியதை நிரலால் என்ன செய்ய முடியும்? அதனால் பலர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். ஷெல் கட்டளை மூலம் டாஸின் டிர் கட்டளையை ஓட்டி, வெளியீட்டை ஒரு தற்காலிகக் கோப்புக்குத் திருப்பி, அந்தக் கோப்பைத் திறந்து வரிவரியாக வெட்டி எடுப்பார்கள். பிளாப்பி வட்டில் இதைச் செய்தால் ஒவ்வொரு முறையும் மோட்டார் சுழலும் சத்தம் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த வசதி டாஸுக்குள்ளேயே இருந்தது. ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண் முறையில்) 21ஆம் எண் இன்டரப்டை, அதாவது டாஸின் உள் வசதிகளுக்கான எண்ணிட்ட வாசலை, கூப்பிட்டு, 4இ என்ற செயல் எண்ணைக் கொடுத்தால் பொருந்தும் முதல் கோப்பைத் தேடித் தரும். 4எஃப் கொடுத்தால் அடுத்தது. கிடைத்த பெயரைத் தன் பரிமாற்றப் பகுதியின் தொடக்கத்திலிருந்து 30 பைட் தள்ளி எழுதி வைக்கும். செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் இது சின்ன வேலை. அசெம்பிளி தெரியாத பேசிக்காரருக்கோ எட்டாத வேலை. டாஸ் காலத்தில் ஷேர்வேராகச் சுற்றிய நிரல் லைப்ரரிகள் முளைத்தது இந்த இடைவெளியில்தான். அசெம்பிளி தெரிந்த ஒருவர் இந்தச் சின்னச் சின்ன வேலைகளை நூற்றுக்கணக்கில் எழுதி, ஒரே லைப்ரரியாகக் கட்டி, விளக்கக் கோப்போடு ஊருக்கு விடுவார். பிடித்தவர்கள் பணம் அனுப்புவார்கள்.

மவுஸும் இப்படித்தான். குவிக்பேசிக்கில் மவுஸுக்கென்று கட்டளையே இல்லை. மவுஸ் டிரைவர் ஹெக்ஸில் 33ஆம் எண் இன்டரப்டில் உட்கார்ந்திருக்கும். செயல் எண் 1 கொடுத்தால் சுட்டி தெரியும், 2 கொடுத்தால் மறையும், 3 கொடுத்தால் சுட்டி எங்கே இருக்கிறது, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்று செயலியின் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் வரும். குவிக்பேசிக்கோடு வந்த சிறு லைப்ரரி ஒன்றில் கால் இன்டரப்ட் (CALL INTERRUPT) என்ற ரூட்டீன், அதாவது துணை நிரல், இருந்தது. அதை வைத்து இதையெல்லாம் பேசிக்கிலிருந்தே செய்யலாம். ஆனால் எந்த ரெஜிஸ்டரில் என்ன போடுவது என்பதைத் தெரிந்துகொண்டவர் பாதி அசெம்பிளி நிரலர் ஆகிவிட்டார் என்றே சொல்லலாம். லைப்ரரி அந்தத் தலைவலியை ஒரே கால் கட்டளைக்குள் அடக்கியது. திரையில் எழுதுவதற்கு முன் சுட்டியை மறைக்க வேண்டும், எழுதிய பின் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுட்டி நின்ற இடத்தில் பழைய எழுத்து கறைபோல ஒட்டிக்கொள்ளும் என்பது மாதிரியான விவரங்களையும் அதன் விளக்கக் கோப்பு சொல்லிவிடும்.

அடுத்தது வேகம். 80 பத்தி, 25 வரி கொண்ட எழுத்துத் திரை முழுவதும் நினைவகத்தில் 4000 பைட்தான். ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட். வண்ணத் திரையென்றால் அது ஹெக்ஸில் பி800 என்ற செக்மென்டில் (நினைவகப் பகுதியில்) இருக்கும், ஒற்றை நிறத் திரையென்றால் பி000. பேசிக்கின் பீக், போக் கட்டளைகளால் அந்த 4000 பைட்டையும் ஒவ்வொன்றாகப் படித்து ஒரு மெனுவுக்கு அடியில் இருப்பதைச் சேமிக்கலாம். ஆனால் 8088 செயலி கொண்ட கணினியில் அது நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியும். அசெம்பிளியில் 2000 சொற்களை நகர்த்து என்று ஒரே ஒரு திரும்பச் செய்யும் கட்டளை போதும். மெனு சட்டென்று விரிந்து சட்டென்று மூடும். கடைக்கணக்கு நிரலை வாடிக்கையாளரிடம் ஓட்டிக் காட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். அப்புறம், ஐபிஎம்மின் பழைய சிஜிஏ வண்ணத் திரை அட்டையில் இன்னொரு தொல்லை உண்டு. திரை வரையப்படும்போதே நினைவகத்தில் கை வைத்தால் புள்ளிபுள்ளியாகப் பனி பெய்வதுபோல் தெரியும். அதனால் ஹெக்ஸில் 3டிஏ என்ற போர்ட்டைக் கவனித்துக்கொண்டே இருந்து, எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துத் திரும்பும் நொடிப்பொழுதில் மட்டும் எழுத வேண்டும். நல்ல லைப்ரரி இதையும் பார்த்துக்கொண்டது.

தாமஸ் ஹான்லின் எழுதிய பிபிகுளோன், பேஸ்விஸ் ஆகிய இரண்டும் குவிக்பேசிக்காரர்களிடையே நன்றாகப் பரவிய ஷேர்வேர் தொகுப்புகள். பேஸ்விஸின் உள்ளடக்கத்தைப் பார்த்தாலே பேசிக்கில் என்னென்ன பற்றாக்குறை என்று புரிந்துவிடும். பேசிக் தன் தரவுக்கு வைத்திருந்த 64 கேபி எல்லைக்கு வெளியே வைக்கும் ஸ்ட்ரிங்குகள் (எழுத்துத் தொடர்கள்), பின்னக் கணக்கு, தசமப் பிழை வராத பிசிடி கணக்கு, சாளரங்கள், மோடம் தொடர்பு, கோப்புக் கையாளல் எல்லாம் அதில் இருந்தன. அசெம்பிளி நிரலர்களுக்காக அவரே அஸ்ம்விஸ் என்ற தொகுப்பையும் எழுதினார். ஷேர்வேருக்கு வெளியே, முழு வணிகமாக கிரசென்ட் நிறுவனத்தின் குவிக்பாக் போன்றவை விற்றன.

அசெம்பிளி ரூட்டீனை பேசிக்கோடு பொருத்துவது எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்த லைப்ரரிகளின் விசித்திரமான பழக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பேசிக் ஒரு வெளி ரூட்டீனைக் கூப்பிடும்போது, கொடுக்கிற மாறிகளின் மதிப்பை அனுப்பாது. அவற்றின் 2 பைட் முகவரிகளை இடமிருந்து வலமாக ஸ்டாக் என்ற தற்காலிக நினைவக அடுக்கில் வைக்கும். அதன்மேல் திரும்பிப் போகவேண்டிய முகவரி 4 பைட். உள்ளே வந்த ரூட்டீன் பிபி ரெஜிஸ்டரைச் சேமித்துக்கொண்டு, ஸ்டாக்கின் அப்போதைய இடத்தை அதில் ஏற்றி, அதிலிருந்து 6 பைட் தள்ளிப் பார்த்தால் கடைசி மாறியின் முகவரி, 8 பைட் தள்ளினால் அதற்கு முந்தையது. வேலை முடிந்ததும் ஸ்டாக்கைத் துடைத்து வைப்பது ரூட்டீனின் பொறுப்பு. இரண்டு மாறி வாங்கினால் ரெட் 4 என்று திரும்ப வேண்டும். 4க்குப் பதில் 2 என்று போட்டுவிட்டால் கணினி அப்படியே உறைந்துவிடும், மறுபடி அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஸ்ட்ரிங் வந்தால் இன்னும் சிக்கல். குவிக்பேசிக்கில் ஒரு ஸ்ட்ரிங்குக்கு 4 பைட் விவரக்குறிப்பு இருக்கும். முதல் 2 பைட் நீளம், அடுத்த 2 பைட் எழுத்துகள் இருக்கும் இடம். ரூட்டீன் கையில் கிடைப்பது இந்தக் குறிப்பின் முகவரி. எழுத்துகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இடம் குறையும்போது பேசிக் ஸ்ட்ரிங்குகளையெல்லாம் நகர்த்தி நெருக்கி வைக்கும். ஆகவே வெளியிலிருந்து வந்த ரூட்டீன் அந்த முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பயன்படுத்தக் கூடாது. ஸ்ட்ரிங்கின் நீளத்தைத் தன்னிஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது.

இதன் விளைவுதான் அந்தக் கால பேசிக் நிரல்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி. லைப்ரரியைக் கூப்பிடுவதற்கு முன்னால், 64 வெற்றிடம் கொண்ட ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கு என்று இருக்கும். ரூட்டீன் தன் விடையை அந்த வெற்றிடத்தில் எழுதிவிட்டு, எத்தனை எழுத்து எழுதினேன் என்பதை இன்னொரு முழு எண் மாறியில் சொல்லும். கூப்பிட்டவர் இடதுபக்கத்திலிருந்து அத்தனை எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார். முன்கூட்டியே இடம் ஒதுக்க மறந்தால், ரூட்டீன் பக்கத்தில் இருக்கும் வேறொரு ஸ்ட்ரிங்கின் மேல் எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எங்கோ ஒரு வாடிக்கையாளர் பெயர் பாதியில் மாறியிருக்கும். நல்ல விளக்கக் கோப்புகள் இந்த எச்சரிக்கையை ஒவ்வொரு ரூட்டீனுக்கும் சலிக்காமல் திரும்பத் திரும்ப எழுதியதன் அருமை, இந்தப் பிழையைத் தேடிக் களைத்தவருக்குத்தான் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் 1989இல் பேசிக் பிடிஎஸ் 7.0 என்ற பெரிய கம்பைலரை வெளியிட்டபோது ஸ்ட்ரிங்குகளை 64 கேபிக்கு வெளியே வைக்கும் வசதி வந்தது. பயனருக்கு நல்லதுதான். லைப்ரரி எழுதியவர்களுக்கோ, ஸ்ட்ரிங் தொடும் ஒவ்வொரு ரூட்டீனும் செல்லாமல் போனது. விவரக்குறிப்பை நேரடியாகப் பிரித்துப் படிக்க முடியாது, கம்பைலரின் சொந்த ரூட்டீன்களைக் கூப்பிட்டுத்தான் முகவரியும் நீளமும் வாங்க வேண்டும். அதற்குப்பின் குவிக்பேசிக்குக்கு ஒன்று, பிடிஎஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனித் தொகுப்புகள் கட்ட வேண்டியதாயிற்று.

நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் விஷயத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. லைப்ரரி என்பது பல ஆப்ஜெக்ட் கோப்புகளின் (அசெம்பிளரோ கம்பைலரோ தரும், இணைக்கத் தயாரான கோப்புகளின்) மூட்டை. உங்கள் நிரல் அதிலுள்ள ஒரு ரூட்டீனைக் கேட்டால், லிங்கர் அந்த ரூட்டீன் இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்பை முழுசாக இழுத்துக்கொள்ளும். ஒரே கோப்பில் 40 ரூட்டீன் இருந்தால் 40உம் உங்கள் இஎக்ஸ்இ கோப்புக்குள் போய்விடும். அதனால் பொறுப்பான ஆசிரியர்கள் ஒவ்வொரு ரூட்டீனையும் தனித்தனிக் கோப்பில் எழுதி அசெம்பிள் செய்தார்கள். 360 கேபி பிளாப்பியில் நிரலை விற்கிறவருக்கு ஒவ்வொரு கிலோபைட்டும் கணக்கு.

குவிக்பேசிக் எடிட்டருக்குள் ஓட்டிப் பார்க்க இதே ரூட்டீன்கள் வேறு வடிவத்தில் வேண்டும். அதற்குப் பெயர் குவிக் லைப்ரரி. எடிட்டரைத் தொடங்கும்போதே பெயர் சொல்லி ஏற்ற வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறும். ஒருவரிடமிருந்து மவுஸ், இன்னொருவரிடமிருந்து சாளரம், மூன்றாமவரிடமிருந்து மோடம் என்று எடுத்தவர் என்ன செய்வார்? தனக்கு வேண்டிய ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பொறுக்கி, லிங்கரைக் கொண்டு தன் சொந்தக் குவிக் லைப்ரரியைக் கட்டிக்கொள்வார். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் 640 கேபி நினைவகத்தில் எடிட்டருக்கே இடம் பத்தாது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே பெயரை வைத்திருந்தால் லிங்கர் முரண்டு பிடிக்கும். பேசிக் மட்டும் தெரிந்தவர்களாக உள்ளே வந்த பலர், ஆப்ஜெக்ட் கோப்பு, லிங்கர், ஸ்டாக் என்று கணினியின் அடித்தளத்தைக் கற்றுக்கொண்டது இந்தப் பொறுக்கிக் கட்டும் வேலையில்தான் என்பது என் கணிப்பு. பாடப்புத்தகம் சொல்லித்தராததை லைப்ரரிகளோடு வந்த விளக்கக் கோப்புகள் சொல்லித்தந்தன.

அசெம்பிளிக்காரர்களின் தேவை வேறு மாதிரி. அவர்கள் கையில் எல்லா அதிகாரமும் இருக்கும், ஆனால் ஓர் எண்ணைத் திரையில் காட்டக்கூட ஆயத்தமாக எதுவும் இருக்காது. எண்ணை 10ஆல் வகுத்து, மீதியை ஸ்டாக்கில் தள்ளி, ஈவு பூஜ்ஜியம் ஆகும்வரை சுற்றி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அச்சிட வேண்டும். இதை ஒவ்வொரு நிரலிலும் புதிதாக எழுதுவது வீண் வேலை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் அசெம்பிளி கற்பித்த ராண்டல் ஹைடின் முயற்சியில் யுசிஆர் ஸ்டாண்டர்ட் லைப்ரரி உருவானது. சி மொழியின் லைப்ரரியை மாதிரியாகக் கொண்டது, ஆனால் முழுக்க அசெம்பிளிக்கு. இது ஷேர்வேர் வகை கிடையாது, பொதுச் சொத்தாகவே விடப்பட்டது.

அதில் பிரின்ட் என்ற ரூட்டீன் அழகானது. வழக்கமாக ஒரு செய்தியை அச்சிட, செய்தியை ஓரிடத்தில் வைத்து அதன் முகவரியை ரெஜிஸ்டரில் ஏற்றிக் கூப்பிட வேண்டும். இங்கே பிரின்டைக் கூப்பிட்டுவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே செய்தியை எழுதி, முடிவில் ஒரு பூஜ்ஜிய பைட் வைத்தால் போதும். கூப்பிடும்போது ஸ்டாக்கில் போய் உட்காரும் திரும்பும் முகவரி, கூப்பிட்ட கட்டளைக்கு அடுத்த பைட்டின் முகவரி. அதாவது செய்தியின் முதல் எழுத்து. ரூட்டீன் அந்த முகவரியை எடுத்து, பூஜ்ஜியம் வரும்வரை அச்சிட்டு, பூஜ்ஜியத்துக்கு அடுத்த இடத்தைத் திரும்பும் முகவரியாக மாற்றி வைத்துவிட்டுத் திரும்பும். செயலி செய்தியைத் தாண்டிக் குதித்து அடுத்த கட்டளைக்குப் போய்விடும். படிக்கிற மாணவருக்கு ஸ்டாக் என்றால் என்ன என்பது இந்த ஒரு ரூட்டீனிலேயே விளங்கிவிடும்.

சரி, பணம் எப்படி வந்தது? ஷேர்வேர் முறை பேசிக் லைப்ரரிகளுக்கு முன்பே வேர்விட்டிருந்தது. ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் 1982இல் பிசி டாக் என்ற மோடம் நிரலை நகலெடுத்துப் பரப்ப அனுமதித்து, பயன்பட்டால் 25 டாலர் அனுப்பச் சொன்னார். ஜிம் நாஃப் அதே காலத்தில் பிசி ஃபைல் தரவுத்தள நிரலை அவ்வாறே விட்டார். மைக்ரோசாஃப்டின் தொடக்க கால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ் 1983இல் பிசி ரைட் எடிட்டரை வெளியிட்டார். அதன் பதிவுக் கட்டணம் 75 டாலர். உங்கள் வட்டை நகலெடுத்த இன்னொருவர் பதிவு செய்தால் உங்களுக்கு 25 டாலர் தரகு. 1987இல் ஷேர்வேர் ஆசிரியர்களின் சங்கம் அமெரிக்காவில் உருவானது. சில வசதிகளை வேண்டுமென்றே அடைத்து முடமாக்கிய நிரல்களை ஷேர்வேர் என்று விநியோகிக்கக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று.

எடிட்டருக்கும் லைப்ரரிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. எடிட்டரை வாங்குகிறவர் அதைத் தான் மட்டும் பயன்படுத்துவார். லைப்ரரியை வாங்குகிறவர் அதைத் தன் நிரலுக்குள் கரைத்து மூன்றாம் ஆளிடம் விற்பார். பதிவு செய்யச் சொல்லி நினைவூட்டும் திரையை லைப்ரரிக்குள் வைத்தால், அது ஊர் பேர் தெரியாத ஒரு கடைக்காரரின் திரையில் போய் நிற்கும். ஒவ்வொரு பிரதிக்கும் பங்குத்தொகை கேட்டால் யாரும் தொடமாட்டார்கள். ஆகவே கட்டிய நிரலைப் பங்குத்தொகை இல்லாமல் விற்கலாம், லைப்ரரியை மட்டும் எதையும் மாற்றாமல் முழுத் தொகுப்பாகப் பகிரலாம் என்ற ஏற்பாடு பரவலாக இருந்தது.

அப்படியென்றால் எதற்காகப் பதிவு செய்வது? மூலநிரலுக்காக. அதுதான் பலரும் கண்டுபிடித்த விடை. ஆப்ஜெக்ட் வடிவம் எல்லோருக்கும், பணம் அனுப்பியவருக்கு அசெம்பிளி மூலநிரல். வாங்குகிறவரும் நிரலர் என்பதால் இது சரியான தூண்டில். பிழை வந்தால் தானே திருத்தலாம், கம்பைலர் மாறினால் மறுபடி அசெம்பிள் செய்யலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்ந்த ஒருவர் எப்படி எழுதுகிறார் என்று வரிவரியாகப் படிக்கலாம்.

கட்டணம் செலுத்தாதவரைக் கண்டுபிடிக்க வழி தேடியவர்களும் இருந்தார்கள். எரிக் ஐசக்சனின் ஏ86 என்ற ஷேர்வேர் அசெம்பிளர் செய்த வேலை சுவையானது. பிஎக்ஸ் ரெஜிஸ்டரை ஏஎக்ஸுக்கு நகர்த்தும் கட்டளையை 8086 செயலிக்கு இரண்டு விதமாக எழுதலாம். 89 டி8 என்ற இரண்டு பைட்டும் சரி, 8பி சி3 என்ற இரண்டு பைட்டும் சரி. இரண்டும் செய்வது ஒன்றே. இப்படி இரட்டை வடிவம் உள்ள கட்டளைகள் பல உண்டு. ஏ86 அவற்றில் வழக்கத்துக்கு மாறான ஒரு கலவையைத் தேர்ந்து எழுதும். அந்தக் கலவையைப் பார்த்தே இது ஏ86இல் பிறந்த நிரல் என்று ஆசிரியரால் சொல்லிவிட முடியும். நிரல் ஒரு பைட்கூடப் பெருக்காது, வேகமும் குறையாது. இதை அவர் ஒளித்தும் வைக்கவில்லை, தன் விளக்கக் கோப்பிலேயே எழுதிவிட்டார்.

பரவல் எல்லாம் தொலைபேசி வழியும் தபால் வழியும்தான். 2400 பிட் மோடத்தில் 200 கேபி தொகுப்பை இறக்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும், தொலைபேசிக் கட்டணம் தனி. பிசி சிக் போன்ற நிறுவனங்கள் பட்டியல் அச்சிட்டு, வட்டு ஒன்றுக்குச் சில டாலர் வாங்கி அனுப்பின. இணைய வசதி இருந்தவர்களுக்கு நியூ மெக்சிகோவில் வைட் சேண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துக் கணினியில் இருந்த சிம்டெல்20 பெரிய களஞ்சியம். அமெரிக்க ராணுவத்தின் கணினி அது. 1993இல் மூடப்பட்டபின் அந்தத் தொகுப்பை வால்நட் கிரீக் நிறுவனம் தொடர்ந்து நடத்தி, சிடியாகவும் விற்றது. ஐரோப்பாவில் ஃபின்லாந்தின் வாசா பல்கலைக்கழகம் கார்போ என்ற களஞ்சியத்தை வைத்திருந்தது.

இந்த உலகம் முடிந்ததற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. 1991இல் விஷுவல் பேசிக் வந்தது. மவுஸ், சாளரம், மெனு எல்லாம் விண்டோஸே கொடுத்தது. திரை நினைவகத்தைத் தொட வேண்டிய தேவையும் போனது, அனுமதியும் போனது. அதே ஆண்டு எம்எஸ் டாஸ் 5.0உடன் இலவசமாக வந்த க்யூபேசிக், குவிக் லைப்ரரிகளை ஏற்றவே முடியாத வெறும் இன்டர்பிரட்டர். புதிதாக பேசிக் கற்றவர்கள் அதில்தான் கற்றார்கள், லைப்ரரிகளின் பக்கமே வரவில்லை. டாஸில் தங்கியவர்களில் பவர்பேசிக் கம்பைலர் பக்கம் போனவர்களால் பேசிக் வரிகளுக்கு நடுவிலேயே அசெம்பிளி எழுதிக்கொள்ள முடிந்தது.

போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது மூலநிரல்தான். காசு கொடுத்தவருக்கு மட்டும் என்று வைத்ததால், பழைய சிடிகளிலும் களஞ்சியங்களிலும் இன்று கிடைக்கும் தொகுப்புகள் பலவற்றில் இருப்பது ஆப்ஜெக்ட் வடிவம் மட்டும். அது 16 பிட் டாஸுக்கும் அந்தந்த கம்பைலருக்கும் கட்டுப்பட்டது. இன்றைய கணினியில் டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸில் குவிக்பேசிக்கை நிறுவினால் இன்றும் ஓடும். க்யூபி64 போன்ற புதிய கம்பைலர்களில் பழைய பேசிக் வரிகள் ஓடும், லைப்ரரிகள் சேராது. அன்றைய சூழலில் வேறு எதைக் கொடுத்துப் பணம் கேட்டிருக்க முடியும் என்று எனக்கும் தோன்றவில்லை, அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யுசிஆர் லைப்ரரி மூலநிரலோடு பொதுவில் விடப்பட்டதால் இன்றும் திறந்து படிக்க முடிகிறது.

பழைய குவிக்பேசிக் நிரல் ஒன்றை இன்றைய கணினிக்கு மாற்ற வேண்டியவருக்கு மிகவும் உதவுவது அந்த விளக்கக் கோப்புகள்தான். ஒவ்வொரு ரூட்டீனும் எந்த வரிசையில் என்ன வாங்கும், எந்த மாறியில் என்ன திருப்பித் தரும், பிழை வந்தால் என்ன எண் வரும் என்று அவற்றில் தெளிவாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ரூட்டீன்களை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதிவிடலாம். அப்படி எழுத ஃப்ரீபேசிக் என்ற கம்பைலர் நல்ல இடம். அதன் மூலநிரல் திறந்தது, குவிக்பேசிக் வழக்கங்களை ஏற்கும் தனி முறையும் அதில் உண்டு. அதைத் தொடங்கியவர் அதற்கு முன் குவிக்பேசிக்குக்காக ஒரு வரைகலை லைப்ரரியை அசெம்பிளியில் எழுதியவர்களில் ஒருவர்.